கேஸ் ஜெயிச்சாச்சே, ரீனோ போய் வாங்கிட்டு வரலாமா?

ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஒரு வாசகர் 2025 செப்டம்பரில் எழுதிய கடிதம் இது, பெயர் வேண்டாம் என்கிறார். சுருக்கித் தருகிறேன்:

"வக்கீல் சார், 2022இல் கிரீன் கார்டு வந்தது. போன வருடம் பரீட்சை எழுதி, பத்து நாள் காத்திருந்து, முறைப்படி ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினேன். மற்ற மாநிலங்களில் அதற்கு 15 தோட்டா பிடிக்கும் மேகஸின் தருகிறார்கள், கலிஃபோர்னியாவில் பத்துதான். அந்தச் சட்டம் செல்லாது என்று ஃபெடரல் நீதிபதி 2023இலேயே சொல்லிவிட்டார், ஆனாலும் இரண்டு வருடமாகக் கடையில் வரவில்லை. 'பக்கத்து நெவாடா மாநிலத்தில், ரீனோவில் கிடைக்கும், நாலு மணி நேர டிரைவ், சட்டமே செல்லாதபோது யார் கேட்கப்போகிறார்கள்' என்கிறார் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பழக்கமான ஒரு நண்பர். போகலாமா? நம்ம ஊர் கோர்ட்தான் இழுக்கும் என்று நினைத்திருந்தேன், இங்கேயும் 2017இல் போட்ட கேஸ் முடியவில்லை. சீக்கிரம் முடியுங்கள் என்று நீதிபதியிடம் யாரும் கேட்க முடியாதா? டிசம்பரில் அப்பா வருகிறார். அவரையும் மனைவியையும் (எச்-1பி) ரேஞ்சுக்கு அழைத்துப்போக ஆசை."

தம்பி, போகாதீர்கள். காரணம் அப்புறம் சொல்கிறேன், முதலில் இந்தப் பதிலை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் தீர்ப்பு இப்போது உயிரோடு இல்லை. சான் டியேகோ நீதிபதி ரோஜர் பெனிடெஸ் 2023 செப்டம்பர் 22ஆம் தேதி சட்டம் செல்லாது என்று எழுதினார், உண்மைதான். ஆனால் அதே உத்தரவிலேயே, அரசு மேல்முறையீடு செய்வதற்காக, தன் தீர்ப்பைப் பத்து நாள் அவரே நிறுத்தி வைத்தார். அது முடிவதற்குள் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தற்காலிகத் தடை போட்டது, அக்டோபர் 10ஆம் தேதி அதையே மேல்முறையீடு முடியும் வரைக்குமான தடையாக்கியது. 2025 மார்ச் 20ஆம் தேதி 7-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பையே கவிழ்த்துவிட்டது. உங்கள் நண்பர் செய்தியின் முதல் பாதியைப் படித்துவிட்டு ரீனோவுக்கு வழி சொல்கிறார்.

இது அவர் ஒருவரின் தவறு இல்லை, என் ஆபீசுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் வருகிறார்கள். "சட்டம் ரத்து" என்ற தலைப்பு எல்லோருடைய வாட்ஸாப்பிலும் வரும், "ரத்துக்குத் தடை" என்பது யாருடைய வாட்ஸாப்பிலும் வராது. இந்த வகை வழக்கில் நான் தீர்ப்பைப் படிப்பதற்கு முன்னால் ஸ்டே உத்தரவைத்தான் தேடுவேன். தாமதம் ஆகும் வருடங்களில் யார் தலையில் சுமை, யார் காத்திருக்க வேண்டும், யார் சந்தோஷமாக இருக்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த ஒன்றரைப் பக்கம்தான். 70 பக்கத் தீர்ப்பு அல்ல.

இந்த மேகஸின் வழக்கின் (டங்கன் வழக்கு என்பார்கள்) கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் நினைப்பதும் நடப்பதும் வேறு வேறு.

பத்துக்கு மேல் பிடிக்கும் மேகஸினைத் தயாரிப்பது, விற்பது, மாநிலத்துக்குள் கொண்டுவருவது எல்லாம் கலிஃபோர்னியாவில் 2000ஆம் ஆண்டிலிருந்தே குற்றம். பழையதை வைத்திருப்பவர் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். 2016 தேர்தலில் முன்மொழிவு 63 என்ற வாக்கெடுப்பில் நூற்றுக்கு 63 பேர் ஆதரித்து, வைத்திருப்பதும் கூடாது என்று ஆக்கினார்கள். 2017 ஜூலை 1 முதல் அமல். மே மாதம் வழக்குப் போட்டார்கள், ஜூன் 29ஆம் தேதி பெனிடெஸ் அந்தச் சட்டத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தார். ஆறு வாரம்தான். நம்ம ஊரில் நான் ஜூனியராக ஓடிய காலத்தில் ஆறு வாரத்தில் ஃபைல் நம்பர் ஆனாலே டீ வாங்கிக் கொடுப்போம்!

அதாவது கீழ்க்கோர்ட்டில் யாரும் தூங்கவில்லை. அதற்குப் பிறகுதான் பரமபதம் ஆரம்பம். தடை சரிதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2018 ஜூலையில். இறுதித் தீர்ப்பு, சட்டம் செல்லாது என்று, 2019 மார்ச் 29. அன்றைக்கு ஸ்டே எதுவும் இல்லை. அதனால் ஏப்ரல் 5ஆம் தேதி மாலை 5 மணிக்கு நீதிபதியே விற்பனைக்கான பகுதியை நிறுத்தி வைக்கும் வரை, ஏறத்தாழ ஒரு வாரம், கலிஃபோர்னியாக்காரர்கள் கடை கடையாக, வெப்சைட் வெப்சைட்டாக வாங்கிக் குவித்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் அதற்குச் 'சுதந்திர வாரம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் நண்பர் மனதில் இருப்பது அந்த வாரம்தான் என்று நினைக்கிறேன். அது முடிந்துபோன வாரம்.

பிறகு 2020 ஆகஸ்டில் மூன்று நீதிபதி அமர்வு 2-க்கு 1 என்று துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதை விரிந்த அமர்வு எடுத்துக்கொண்டது. ஒன்பதாவது சர்க்யூட் பெரிய ஊர், 29 நீதிபதிகள், அத்தனை பேரும் உட்கார முடியாது என்று 11 பேர் உட்காருவார்கள். 2021 நவம்பர் 30, 7-க்கு 4, சட்டம் செல்லும். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கே 2022 ஜூன் 23ஆம் தேதி நியூயார்க் லைசன்ஸ் பற்றிய புரூயன் தீர்ப்பு வந்து ஆட்டத்தின் விதியையே மாற்றிவிட்டது: இனிமேல் பொதுப் பாதுகாப்புக்கு நல்லதா என்று எடை போடக் கூடாது, இந்த நாட்டின் வரலாற்று மரபில் இதைப் போன்ற கட்டுப்பாடு இருந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து டங்கன் வழக்கை "ரத்து, புது விதிப்படி மறுபடி பார்" என்று திருப்பி அனுப்பினார்கள். 99ஆம் கட்டத்தில் பாம்பு. விரிந்த அமர்வு அதைத் தானே தீர்க்காமல், கீழே பெனிடெஸிடமே தள்ளிவிட்டது.

இப்போது வரலாற்று ஆராய்ச்சி. ஆயுத உரிமை தரும் இரண்டாம் சட்டத்திருத்தம் ஏற்கப்பட்ட காலம் தொடங்கி, பதினான்காம் திருத்தத்துக்குப் பிறகு 20 வருடம் வரை, அதாவது 1791 முதல் 1888 வரை, இது சம்பந்தமாக இருந்த சட்டங்களையெல்லாம் தேதி வாரியாகப் பட்டியல் போட்டுக் கொடுங்கள் என்று அரசுத் தரப்புக்கு அவர் உத்தரவு போட்டார். போவி கத்தி, கயிறு இழுத்தால் வெடிக்கும் பொறித்துப்பாக்கி, வீட்டில் எவ்வளவு வெடிமருந்து வைக்கலாம் என்ற பழைய ஊர் விதிகள் எல்லாம் வந்தன. வரலாற்றுப் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாகச் சாட்சியம் எழுதினார்கள். வக்கீல்களாகிய எங்களுக்கு வருமானம், வேறு யாருக்கு என்ன லாபம் என்று கேட்காதீர்கள். அதன் முடிவுதான் நீங்கள் குறிப்பிடும் 2023 தீர்ப்பு. 2025இல் மேலே உட்கார்ந்தவர்களும் அதே பட்டியலைப் பார்த்தார்கள், மேகஸின் என்பது ஆயுதமே அல்ல, ஆயுதத்துக்கான துணைப்பொருள் என்றார்கள், ஆயுதம் என்றே வைத்துக்கொண்டாலும் வரலாற்று மரபு இதற்கு இடம் கொடுக்கிறது என்றார்கள். எதிர்த்து எழுதிய ஒரு நீதிபதி, தன் அறையில் துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டிக் காட்டி வீடியோ எடுத்துத் தன் தீர்ப்போடு இணைத்தார். இத்தனை வருடத்தில் நான் பார்த்திராத கூத்து.

2025 ஆகஸ்டில் மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு போனது. மேரிலாந்தின் ஏஆர்-15 ரைஃபிள் தடை வழக்கை ஜூன் 2ஆம் தேதி எடுக்க மறுத்தபோது, நீதிபதி கேவனா "அடுத்த ஓரிரு பருவத்தில் இந்தக் கேள்வியை எடுக்க வேண்டும், எடுப்போம்" என்ற பொருளில் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். நம்பிக்கை வைக்கிறவர்கள் அதை வைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

எண்ணிப் பாருங்கள். இதில் வாய்தா எங்கே? எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, நீதிபதி லீவு, கட்டு கிடைக்கவில்லை, எதுவும் இல்லை. நம்ம ஊரில் கேஸ் நின்ற இடத்திலேயே நிற்கும். இங்கே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், பார்க்கிறவனுக்கு வேகமாக ஓடுவது போலவே தெரியும்.

ஆனால் நின்ற கேஸும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அந்த மேரிலாந்து வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் நான்காவது சர்க்யூட்டின் மூன்று நீதிபதிகள் வாதம் கேட்டார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பு சீக்கிரமே எழுதித் தயாராகிவிட்டது. ஆனால் மாறுபடும் தீர்ப்பும் கூடவே வெளியாக வேண்டும் என்பது அங்கே வழக்கம், அது ஒரு வருடத்துக்கு மேலாகியும் வரவேயில்லை. அதற்குள் வேறொரு துப்பாக்கி வழக்கில் இன்னொரு அமர்வு எதிர்மாறான தீர்ப்பு எழுதிவிட்டது. இரண்டும் மோதுகிறது என்று சொல்லி 2024 ஜனவரியில் முழு அமர்வு வழக்கைத் தன்னிடம் இழுத்துக்கொண்டது, தயாராக இருந்த முதல் தீர்ப்பு வெளியே வராமலே போயிற்று. ஆகஸ்டில் தடைச் சட்டம் செல்லும் என்று முடிவு. இதெல்லாம் நமக்குத் தெரிவது எப்படி? முழு அமர்வில் எதிர்த்து எழுதிய நீதிபதி ரிச்சர்ட்சன், பொறுக்க முடியாமல் தீர்ப்பிலேயே போட்டு உடைத்தார். அது நடந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை, தீர்ப்பின் முடிவு எனக்குப் பிடித்திருந்தாலும்.

இதைவிட மோசம் வாஷிங்டன் டிசியில் நடந்தது. வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி கொண்டுபோக வழியே இல்லை என்று 2009 ஆகஸ்டில் வழக்குப் போட்டார்கள். 2010 ஜனவரியில் வாதம் முடிந்தது. தீர்ப்பு வரவில்லை. 2011 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், நியூயார்க் மாநிலத்திலிருந்து ஒரு நீதிபதியை அழைத்து வழக்கை அவரிடம் கொடுத்தார். அவர் 2012 அக்டோபரில் மறுபடி வாதம் கேட்டார், மறுபடி மௌனம். தீர்ப்புச் சொல்ல உத்தரவிடுங்கள் என்று மேல் கோர்ட்டில் ரிட் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2014 ஜூலை 26ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வெளியே வந்தது, ஸ்டே இல்லாமல்! மூன்று நாள் தலைநகரத்தில் அந்தச் சட்டமே இல்லை, துப்பாக்கி வைத்திருந்தான் என்பதற்காக மட்டும் யாரையும் பிடிக்காதீர்கள் என்று போலீஸ் தலைமையே தன் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. 29ஆம் தேதி ஸ்டே வந்தது.

சரி, சீக்கிரம் முடியுங்கள் என்று கேட்க முடியாதா என்கிறீர்கள். கேட்கலாம். குற்ற வழக்குக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி கெடு உண்டு. ஃபெடரல் சிவில் வழக்குக்கு அப்படி எதுவும் கிடையாது. 1990இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: ஆறு மாதத்துக்கு மேல் முடிக்காமல் வைத்திருக்கும் மனுக்களும், மூன்று வருடத்துக்கு மேலான வழக்குகளும், எந்த நீதிபதியிடம் இருக்கின்றன என்று பெயரோடு வருடத்துக்கு இரண்டு முறை வெளியிட வேண்டும். மார்ச், செப்டம்பர் கடைசி வாரங்களில் எங்களுக்கு உத்தரவுகள் மழையாகக் கொட்டுவது அதனால்தான். ஆனால் அது கீழ்க்கோர்ட் நீதிபதிகளுக்கு மட்டும், மேல்முறையீட்டு நீதிபதிகளை அது தொடாது, இந்த வழக்குகள் சிக்குவதோ மேலே. இதில் ஒரு வேடிக்கை, கலிஃபோர்னியா மாநில நீதிபதிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. வழக்கு அவர்கள் கைக்கு வந்து 90 நாளுக்குள் முடிக்காவிட்டால் சம்பளம் வாங்க முடியாது என்று மாநில அரசியல் சட்டமே சொல்கிறது. இந்தியாவில்கூட, தீர்ப்பை ஒத்திவைத்து ஆறு மாதம் தாண்டினால் வேறு அமர்வுக்கு மாற்றக் கேட்கலாம் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது. நடக்கிறதா என்பது வேறு கதை.

சுப்ரீம் கோர்ட்டுக்கு அவசர மனு போடலாம். நியூயார்க்கின் 2022ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்துக்குக் கீழ்க்கோர்ட் கொடுத்த தடையை இரண்டாவது சர்க்யூட் காரணமே சொல்லாமல் நிறுத்தி வைத்தது. அந்த ஸ்டேயை நீக்க 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மறுத்தது, ஆனால் "நியாயமான காலத்துக்குள் காரணமும் சொல்லாமல் விசாரணையையும் விரைவுபடுத்தாமல் இருந்தால் திரும்ப வாருங்கள்" என்ற பொருளில் நீதிபதி அலிட்டோ எழுதினார். மார்ச்சில் வாதம் கேட்டார்கள், தீர்ப்பு டிசம்பரில். அவ்வளவுதான் அதன் வேகம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. நியூயார்க் நகரத்தில் வீட்டுத் துப்பாக்கியை நகருக்குள் இருக்கும் ஏழு ரேஞ்சுகளுக்கு மட்டும்தான் எடுத்துப்போகலாம் என்று ஒரு விதி இருந்தது. 2013இல் வழக்கு. நகராட்சி கீழே ஜெயித்தது, மேலே ஜெயித்தது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கொண்டதும், அத்தனை வருடம் பாதுகாப்புக்கு அத்தியாவசியம் என்று சத்தியம் செய்த விதியை நகராட்சி தானே மாற்றிக்கொண்டது. மாநிலமும் சட்டம் போட்டு உதவியது. 2020 ஏப்ரலில் "கேட்டது கிடைத்துவிட்டதே, இனி வழக்கில் உயிர் இல்லை" என்று கோர்ட் அனுப்பிவிட்டது. ஏழு வருடம், பதில் இல்லை.

என் பக்கம் எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்வது நல்லது. மேகஸின் கட்டுப்பாடு வேண்டும் என்பவன் நான். 2019 ஜூலையில் கில்ராய் பூண்டுத் திருவிழாவில் சுட்டவன் வைத்திருந்த ரைஃபிள், அதே மாதம் நெவாடாவில் ஒரு கடையில் வாங்கியது, இங்கே விற்கவே முடியாத ரகம். மூன்று பேர் போனார்கள், அதில் ஒரு பையனுக்கு ஆறு வயது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். நெவாடாவிலிருந்து வரும் டிக்கிகளைப் பற்றி இங்கே போலீஸ் விளையாட்டாக நினைப்பதில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் தாமதத்தை நான் கொண்டாட மாட்டேன். அது ஒரு கட்சிக்கு மட்டும் வேலை செய்வதில்லை. நூற்றுக்கு 63 பேர் ஓட்டுப் போட்டு வாங்கிய சட்டத்தின் ஒரு பகுதி அமலுக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது நிறுத்தப்பட்டு வருடக்கணக்கில் கிடந்ததும் இதே தாமதத்தால்தான். உரிமை உண்டு என்றால் உண்டு என்று சொல்லுங்கள், இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். எட்டு வருடம் யாரும் சொல்லாததால்தான் உங்களைப் போன்றவர்கள் ரேஞ்சு நண்பரிடம் சட்டம் கேட்கிறீர்கள்.

இனி உங்கள் விஷயம். மாநிலத்துக்குள் கொண்டுவருவதும் வாங்குவதும் வைத்திருப்பதைவிடப் பெரிய குற்றம். ஒரு வருடம் வரை கவுண்டி ஜெயில், அரசு வக்கீல் நினைத்தால் ஃபெலனியாகவே, அதாவது பெருங்குற்றமாகவே, போடலாம். ஃபெலனி என்றால் ஃபெடரல் சட்டப்படி இந்த கிளாக்கும் போய்விடும், வேறு எந்தத் துப்பாக்கியையும் தொட முடியாது. கிரீன் கார்டுக்காரருக்கு அதோடு குடியுரிமை விண்ணப்பம், நாடு கடத்தல் என்று இன்னொரு தலைவலி, துப்பாக்கி சம்பந்தமான தண்டனையை இமிக்ரேஷன் சட்டம் தனியாகவே எடுத்துப் பேசுகிறது. "தீர்ப்பு வந்ததாக நினைத்தேன்" என்பது எந்த நீதிபதியிடமும் எடுபடாது. அப்படியே ஒருநாள் சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டம் செல்லாது என்று சொன்னாலும், கடைக்காரர் வெளிப்படையாக உங்களுக்கு பில் போட்டுத் தரும் நாள் வரை பொறுங்கள்.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் கேட்டதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் போல ஒன்றிரண்டு விதிவிலக்குதான் உண்டு. உங்கள் பெயரில் வாங்கிய துப்பாக்கிதான், ஆனால் வீட்டுப் பெட்டியின் சாவியோ நம்பரோ மனைவியிடம் இருந்தால், அவரும் வைத்திருப்பதாகச் சொல்ல இடம் இருக்கிறது. இன்றைக்கே நம்பரை மாற்றுங்கள். அப்பா விசிட்டர் விசாவில் வருகிறார் என்றால் அவருக்கும் இதே சட்டம்தான். ரேஞ்சில் கொஞ்ச நேரம் கையில் வாங்கிப் பார்ப்பதும் கணக்கில் வரும். வேட்டை லைசன்ஸ் எடுக்க கலிஃபோர்னியாவில் பயிற்சி முடிக்க வேண்டும், டிசம்பருக்குள் அப்பாவை வைத்து அதையெல்லாம் செய்யப்போகிறீர்களா என்று யோசியுங்கள். கூடவே வந்து பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், அதற்குத் தடை இல்லை, காதுக்கு நல்ல மூடி வாங்கிக் கொடுங்கள்.